வாத்து வேட்டைக்கு வேடர்ஸ் வாங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாத்து வேட்டைக்குப் புதிதாக இறங்குகிறவர்கள் துவக்கைப் பற்றிக் கேட்பதைவிட வேடர்ஸ் என்னும் நீர்புகாக் காற்சட்டையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது நியாயமான கவலை. பறவை வராத காலையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரக்காலோடு சதுப்பில் நான்கு மணி நேரம் நிற்க முடியாது. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. வேடர்ஸ் எண்டால் என்ன? முழங்கால் மட்டும் வாற ரப்பர் பூட்ஸ் காணாதோ?

பாதத்திலிருந்து மார்பு வரை ஒரே துண்டாக வரும், தோளில் வார் போட்டு மாட்டும் நீர்புகாக் காற்சட்டைதான் வேடர்ஸ். நம் 'வேடர்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. தண்ணீருக்குள் காலை இழுத்து நடப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

சஸ்காட்சுவானில் அறுவடை முடிந்த வயலில் படுத்திருந்து வேட்டையாடுவதற்கு இது தேவையே இல்லை. ஒன்ராறியோவின் லோங் பொயின்ற் சதுப்பிலோ, ஆர்கன்சாவில் நீர் நிரப்பிய காடுகளிலோ இது இல்லாமல் முடியாது. தொடை வரை மட்டும் வரும் வகையை வாங்க வேண்டாம். பறவைகளை ஈர்க்க நீரில் மிதக்கவிட்ட போலி வாத்தை எடுக்கக் குனியும்போதும் படகிலிருந்து இறங்கும்போதும் தண்ணீர் மேலால் உள்ளே வரும்.

2. 'பிரீதபிள்' எண்டு போட்டிருக்கு. காத்துப் போனால் தண்ணியும் போகும்தானே?

போவது காற்று இல்லை, வியர்வையின் ஆவி. வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மிக மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் பொப் கோர் 1969இல் டெஃப்ளான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சவ்வை உருவாக்கினார். அதுவே கோர்-டெக்ஸின் தொடக்கம். அந்தத் துளை ஒரு நீர்த்துளியைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியது. ஆனால் நீராவி மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அதனால் தண்ணீர் வெளியே நிற்கும், ஆவி வெளியே போய்விடும்.

கோர்-டெக்ஸ் மட்டுமல்ல, பாலியூரித்தேன் சவ்வு வைத்த வேடர்ஸும் நிறைய உண்டு. அவையும் நன்றாகவே உழைக்கும். ஆனால் பழுது பார்க்கும்போது இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் வரும். 14ஆம் கேள்வியில் சொல்கிறோம்.

3. நியோப்ரீன் மலிவாய்க் கிடக்குது, சூடாயும் இருக்கும் எண்டுகினம். அதையே வாங்கினால் என்ன?

நியோப்ரீன் என்பது உள்ளே மூடிய காற்றுக் குமிழிகள் கொண்ட ரப்பர். பொதுவாக 3.5 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்பில் வரும். குமிழிகளில் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கும், ஆனால் ஆவிக்கு ஒரு வழியும் இல்லை. படகில் போய் இறங்கி, அசையாமல் உட்கார்ந்திருந்து, படகிலேயே திரும்புகிறவருக்கு நியோப்ரீன் நல்ல பொருள்தான். பனிக்கட்டி மிதக்கும் நீரில் இடுப்பளவு நிற்பவருக்கும் அப்படியே.

நடக்கிறவருக்குத்தான் சிக்கல். டிக்கோய் எனப்படும் போலி வாத்துகளை இரண்டு டசின் மூட்டையாக முதுகில் சுமந்து, சேற்றில் அரை மணி நேரம் நடந்தால் உள்ளே போட்ட கம்பளி உடுப்பு வியர்வையில் ஊறிவிடும். வெளியேற வழியில்லாத அந்த ஈரம் மறைவிடத்தில் போய் உட்கார்ந்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். வேடர்ஸில் ஒரு பொட்டு ஓட்டை இல்லாமலே ஒருவர் நனைந்து நடுங்குவது இப்படித்தான். வெளித் தண்ணீரை மறிப்பது பாதி வேலை, உள் ஈரத்தை அனுப்புவது மறுபாதி. இந்தப் பக்கத்தில் வரும் பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை இதுவே.

4. பிரீதபிள் துணி மெல்லிசாய் இருக்கே, குளிராதோ?

துணி தானாகச் சூடு தராது. சூடு உள்ளே போடும் உடுப்பிலிருந்து வர வேண்டும், அதுதான் இதன் வசதியும். செப்டெம்பர் மாதத்து இளஞ்சூட்டில் ஒரு மெல்லிய காற்சட்டை போதும், டிசெம்பரில் அதே வேடர்ஸுக்குள் இரண்டு அடுக்கு போடலாம். நியோப்ரீனில் இந்த விளையாட்டு நடக்காது.

வேட்டைக்கென்று வரும் சில பிரீதபிள் வேடர்ஸில் கழற்றக்கூடிய உள்காப்பு ஒன்றும் ஸிப் போட்டுச் சேர்த்திருப்பார்கள். கழற்றி எடுத்தால் முகாமில் தனியாகவும் அணியலாம். உள்காப்பைத் துணியோடு நிரந்தரமாகத் தைத்த வகையும் உண்டு. அது காய்வதற்கு இரண்டு நாள் எடுக்கும். அடுத்தடுத்த நாள் வேட்டைக்குப் போகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

5. உள்ளுக்கு ஜீன்ஸ் போடலாமோ?

வேண்டாம். பருத்தி ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், சவ்வுக்கு அனுப்பாது. ஆயிரம் டொலர் வேடர்ஸை ஒரு ஜீன்ஸ் வீணாக்கிவிடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் காற்சட்டை. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேடர்ஸுக்குள் காலை விடும்போது அது முழங்காலுக்குச் சுருண்டு ஏறி, காலைப்பொழுது முழுவதும் உறுத்தும்.

6. சப்பாத்து சேர்ந்த வகையோ, சப்பாத்து தனியாய் வாங்கிற வகையோ?

வாத்து வேட்டைக்குச் சேர்ந்த வகை. இருட்டில், குளிரில், விறைத்த விரல்களால் நாடா கட்டுவது பெரும்பாடு. நனைந்த நாடா உறைந்துபோனால் அவிழ்க்கவும் முடியாது. சேறும் நாடாத் துளைகளில் அப்பிக்கொள்ளும்.

தனி வகையில் வேடர்ஸின் அடியில் நியோப்ரீன் காலுறை மட்டும் இருக்கும், அதன்மேல் நீர்ச் சப்பாத்தை அணிய வேண்டும். கல்லும் கூழாங்கல்லும் உள்ள ஆறுகளில் நெடுந்தூரம் நடப்பவருக்குக் கணுக்காலை அது நன்றாகப் பிடிக்கும். தூண்டில் போடுகிறவர்கள் அதை விரும்புவது அதனால்தான். கம்பளி நார் அடி ஒட்டிய நீர்ச் சப்பாத்தை வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். அந்த அடியில் நீர்ப்பாசியும் நுண்ணுயிரும் ஒட்டி ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதால் மேரிலாந்து மாநிலம் 2011இல் அதைத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களிலும் தடை உண்டு.

7. சப்பாத்தில 1200, 1600 எண்டு இருக்கே, அது என்ன?

ஒரு சதுர மீட்டர் காப்புப் பஞ்சின் எடை, கிராமில். எண் கூடினால் சூடும் கூடும், தடிப்பும் கூடும். உறைநிலைக்குக் கீழே அசையாமல் உட்காருகிறவருக்கு 1600 உதவும். நிறைய நடக்கிறவருக்கு 1200 போதும், பருவத் தொடக்கத்துக்கு அதற்கும் குறைந்தது நல்லது.

ஒன்றை நினைவில் வைத்திருங்கள். மேலே துணி எவ்வளவு நன்றாக ஆவியை விட்டாலும், சப்பாத்து ரப்பர்தான். பாத வியர்வைக்கு வெளியேற வழியில்லை. பையில் ஒரு சோடி உலர்ந்த கம்பளிக் காலுறை இருக்கட்டும். வாகனத்திலிருந்து இறங்குமிடம் வரை ஒன்று, அங்கே மாற்றிக்கொள்ள மற்றது.

8. எனக்குக் கால் எப்பவும் குளிருது. ரெண்டு சோக்ஸ் போடட்டோ?

பெரும்பாலும் இரண்டாவது காலுறைதான் குளிருக்கே காரணம். சப்பாத்துக்குள் இடமில்லாமல் பாதம் இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், காப்புப் பஞ்சும் நசுங்கி வேலை செய்யாது. தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போட்டு, விரல்களைத் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் ஒரு அளவு பெரிய சப்பாத்து எடுங்கள்.

அதற்காக அளவு மீறியும் பெரிதாகக் கூடாது. குதி தளர்ந்தால் சேறு சப்பாத்தைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் உள்ளே மேலே வரும். அப்படித் தடுமாறித்தான் பலர் விழுகிறார்கள்.

9. அளவு சரியோ எண்டு கடையில எப்படிப் பார்க்கிறது?

சப்பாத்து அளவு, மார்புச் சுற்றளவு, உள்கால் நீளம் ஆகிய மூன்றும் வேண்டும். பெரும்பாலானோர் சப்பாத்து அளவை மட்டும் சொல்லி வாங்கிவிடுகிறார்கள். நல்ல தயாரிப்புகளில் ஒரே சப்பாத்து அளவுக்கே குட்டை, சாதாரணம், பருமன் என்று பிரிவுகள் இருக்கும்.

வேட்டைக்குப் போடும் உள்ளுடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். வேடர்ஸை மாட்டி முழுக்கக் குந்துங்கள். பிறகு படகின் விளிம்பில் கால் வைப்பதுபோல் ஒரு நாற்காலி மேல் ஏறுங்கள். கவட்டையில் இழுத்தால் உள்கால் நீளம் போதாது. அந்த இழுப்பில்தான் முதல் வருடமே தையல் விடும். நிற்கும்போது முழங்காலைச் சுற்றி மடிப்பு மடிப்பாய்த் துணி தொங்கினால் நீளம் அதிகம். நடக்கும்போது இரு தொடையும் உரசி, மூன்று பருவத்தில் அந்த இடமே தேய்ந்து ஓட்டையாகும்.

10. பெண்களுக்கு ஆம்பிளையளின்ர சின்ன அளவு சரிவருமோ?

வராது. ஆண்களின் சிறிய அளவில் மார்புப் பகுதி நீண்டும் இடுப்புப் பகுதி இறுகியும் இருக்கும், சப்பாத்தும் பெரிதாக வரும். பெண்களுக்கென்றே வெட்டிய வேடர்ஸ் இப்போது பல நிறுவனங்களில் கிடைக்கிறது. சிலவற்றில் முழுவதும் கழற்றாமலே சிறுநீர் கழிக்க வசதியாகப் பின்புறம் திறக்கும் அமைப்பும் உண்டு. அந்த வசதி இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேட்டைக்குப் போவது உடம்புக்குக் கேடு. குளிரிலும் உடம்பு வறளும்.

11. முன்னுக்கு ஸிப் வைச்சது தேவையோ? விலை கூடவா இருக்கு.

நீர்புகா ஸிப் விலை கூடியது, ஆனால் அதன் பயன் அன்றாடம் தெரியும். போடுவதும் கழற்றுவதும் எளிது, ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதும் எளிது. அதைவிட முக்கியம், நடக்கும்போது திறந்துவிட்டால் சூடு வெளியே போகும். எந்தச் சவ்வும் திறந்த ஸிப் அளவுக்கு ஆவியை விடாது.

கேடு எங்கே என்றால் பராமரிப்பில். மணலும் சேறும் பல்லில் ஏறினால் ஸிப் இறுகும். பலமாக இழுத்தால் பல் விலகும், அதன்பின் அந்த வேடர்ஸ் இடுப்பு மட்டத்துக்குத்தான் உதவும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவி, அவ்வப்போது அதற்குரிய மசகைத் தடவ வேண்டும். தண்ணீரில் இறங்கும் முன் கடைசிப் பல் வரை மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

12. துணி கிழியாமல் இருக்க என்ன பார்த்து வாங்க வேணும்?

முழங்கால், முன்கால், பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டாம் அடுக்குத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். இழையின் தடிப்பை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். வேட்டை வேடர்ஸில் 500, 600 டெனியர் அளவு தடித்த துணி அந்த இடங்களில் இருந்தால் நல்லது. தூண்டில்காரர்களின் மெல்லிய வேடர்ஸ் முட்புதரில் ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்காது.

எதிரிகள் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். முள்வேலி, நீருக்குள் மறைந்திருக்கும் மரவேர், நாயின் நகம். இவற்றையெல்லாம்விட வெட்டிய சோளத்தட்டை. சாய்வாக அறுபட்ட அந்தத் தட்டை ஈட்டிபோல நிற்கும். சோளக் காட்டுக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தள்ளி நடந்தால் முழங்காலுக்குக் கீழே துளை விழும்.

13. கழுவலாமோ? கழுவினால் கெட்டுப் போகும் எண்டுகினம்.

கழுவாவிட்டால்தான் கெடும். உடம்பு எண்ணெயும் சேறும் சவ்வில் படிந்தால் ஆவி போகும் வழி அடைபடும். பருவத்தில் ஒன்றிரண்டு தரம் தொட்டியில் இளஞ்சூட்டு நீரும், இத்தகைய துணிக்கென்று விற்கும் சோப்பும் போட்டுக் கையால் கழுவுங்கள். துணி மென்மையாக்கியும் ப்ளீச்சும் ஆகாது. பின் உள்ளும் புறமும் நிழலில் உலர்த்துங்கள். உள்ளே ஈரம் இருக்கச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து, தையலின்மேல் ஒட்டிய தையல் நாடா உரியும்.

ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் சேற்றையும் பாசியையும் முழுக்க நீக்கி உலர்த்துவது கடமை. வரிக்குதிரைச் சிப்பி என்னும் அந்நிய உயிரி வட அமெரிக்கப் பேரேரிகளுக்குச் செய்த கேட்டை இன்னொரு குளத்துக்கு நம் சப்பாத்து கொண்டு போகக் கூடாது.

14. ஓட்டை எங்கே எண்டு கண்டுபிடிக்கேலாமல் இருக்கு. ஒரு வழி சொல்லுங்கோ.

கோர்-டெக்ஸ் என்றால் உள்புறத்தை வெளியே திருப்பி, மருந்துக் கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் தெளியுங்கள். துளை உள்ள இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பாலியூரித்தேன் சவ்வில் இது எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது. அதற்கு இருட்டறையில் உள்ளே பிரகாசமான விளக்கை விட்டுப் பார்க்கலாம். அதிலும் அகப்படாவிட்டால் தொங்கவிட்டு ஒரு காலில் தண்ணீர் நிரப்பி, வெளியே கசியும் இடத்தைப் பென்சிலால் குறிக்கலாம்.

துளை உலர்ந்து சுத்தமாக இருந்தால்தான் பசை பிடிக்கும். யூரித்தேன் பசையைத் துளையைச் சுற்றி ஒரு நாணய அளவுக்கு மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு முழுவதும் விடுங்கள். வேட்டை இடத்திலேயே அவசரம் என்றால் வெயிலில் இறுகும் புறஊதாப் பசை சில நிமிடத்தில் வேலை முடிக்கும். கவட்டைத் தையலும் சப்பாத்து ஒட்டும் இடமும் விட்டால் நீங்களே ஒட்டிப் பார்க்காமல் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அந்த இடங்கள் ஒவ்வொரு அடிக்கும் வளையும், வீட்டுப் பசை நிற்காது.

15. ஓட்டையே இல்லை, ஆனாலும் நனையுது. ஏமாத்திப் போட்டாங்களோ?

நனைந்த இடத்தைப் பாருங்கள். ஓட்டை என்றால் ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழ்நோக்கி வழியும், ஒரு காலில் மட்டும் இருக்கும். தொடை, பிட்டம், இரு முழங்கால் எனச் சமமாக ஈரம் என்றால் அது வியர்வை.

வியர்வை ஏன் போகவில்லை? முதல் காரணம், வெளித்துணியில் இருந்த நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்திருக்கும். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடாமல் துணியில் ஊறி நின்றால், சவ்வு தண்ணீரை மறித்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஆவிக்கு வெளிக்கதவு மூடிவிடும். கழுவி, பூச்சுத் தெளிப்பானைப் புதிதாக அடித்தால் பெரும்பாலும் சரியாகும். இரண்டாவது, இடுப்பளவு நீரில் மணிக்கணக்காக நிற்பது. மூழ்கிய பகுதியில் ஆவி வெளியேறுவது வெகுவாகக் குறையும். குளிர்ந்த துணியின் உட்புறத்தில் அது பனித்துளியாகும். மூன்றாவது, 5ஆம் கேள்வியில் சொன்ன பருத்தி.

16. நடக்கேக்க வேர்க்குது, இருக்கேக்க குளிருது. என்ன செய்யிறது?

குளிராகப் புறப்படுங்கள். வாகனத்தடியில் 'இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லது' என்று தோன்ற வேண்டும். கனத்த மேலங்கியை மூட்டையில் கட்டிவிட்டு, வேடர்ஸின் வாரைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பு மட்டத்தில் மடித்துக் கட்டி நடந்து போகலாம், வழியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் மட்டும். போய்ச் சேர்ந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நின்று சூடு தணிந்தபின் மேலங்கியைப் போடுங்கள்.

ஒரு கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் நடப்பதைவிட முப்பது நிமிடத்தில் நடப்பது எந்த விலை கூடிய சவ்வையும்விட அதிக உலர்வைத் தரும். விடியலுக்கு முந்திய அவசரத்தில் இதை யாரும் செய்வதில்லை. பத்து நிமிடம் முன்னதாக எழும்புங்கள்.

17. விழுந்தால் வேடர்ஸுக்குள்ள தண்ணி நிரம்பி அடிக்கு இழுத்துக்கொண்டு போகும் எண்டுகினம். உண்மையோ?

தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடையில்லை. எனவே நிரம்பிய வேடர்ஸ் கல்லைப்போல் கீழே இழுக்காது. ஆனால் ஆபத்து உண்மை. காலை அசைக்க முடியாது, கரையேறும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் முழு எடையும் உங்கள்மேல் விழும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர் கொல்லும். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் 1-10-1 விதியை மனப்பாடம் செய்யுங்கள்: குளிர்நீரில் விழுந்தால் மூச்சை நிதானப்படுத்த 1 நிமிடம், கைகால் சொற்கேட்கும் நேரம் 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்பும் வரை ஏறத்தாழ 1 மணி நேரம்.

இடுப்புப் பட்டியை மேலங்கிக்கு உள்ளே, வேடர்ஸின்மேல் இறுக்கிக் கட்டுங்கள். அது தண்ணீர் உள்ளே பாய்வதைப் பெரிதும் மட்டுப்படுத்தும், கால்களில் கொஞ்சம் காற்றையும் அடைத்து வைக்கும். விழுந்தால் எழுந்து நிற்க மல்லுக்கட்டாமல் மல்லாந்து, முழங்காலை மடக்கி, கையால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வாருங்கள். படகில் இருக்கும்போது உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே கிடந்தால் பயனில்லை. பட்டி இல்லாமல் ஒருவர் இறங்கினால் தடுத்து நிறுத்துங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

18. கால் சேத்தில புதைஞ்சால்?

முழுக்காலையும் ஒரேயடியாய் மேலே இழுக்காதீர்கள். அடியில் வெற்றிடம் உண்டாகி இன்னும் பிடிக்கும். தடியை ஊன்றி எடையை மற்றக் காலுக்கு மாற்றி, முதலில் குதியை மட்டும் தூக்குங்கள். தண்ணீர் அடியில் புகுந்ததும் பிடி விடும். இருட்டில் தெரியாத இடத்துக்குத் தடி இல்லாமல் போகவே வேண்டாம்.

19. ஆரோ பாவிச்சது பாதி விலைக்கு வருது. வாங்கலாமோ?

பார்த்து வாங்கலாம். முன்னணிக் கோர்-டெக்ஸ் ஸிப் வேடர்ஸ் 1000 அமெரிக்க டொலரை ஒட்டியும் தாண்டியும் விற்கிறது. பாதி விலை என்றால் ஆசை வருவது இயல்பு. சப்பாத்தை மடக்கி ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வெடித்த ரப்பருக்கு மருந்தில்லை. உள்ளே திருப்பித் தையல் நாடா எங்காவது உரிகிறதா பாருங்கள். ஸிப்பை மூன்று தரம் ஏற்றி இறக்குங்கள். விற்கிறவர் சம்மதித்தால் 14ஆம் கேள்வியின் அல்கஹோல் சோதனையையும் செய்யலாம்.

எங்கே வைத்திருந்தார் என்றும் கேளுங்கள். கோடை முழுவதும் வாகனக் கொட்டகையில் மின்மோட்டார், காற்றழுத்தப் பொறி பக்கத்தில் கிடந்த வேடர்ஸ் வேண்டாம். அவற்றிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை அரிக்கும். சப்பாத்தில் கொளுவித் தலைகீழாக, வெயில் படாத அறையில் தொங்கவிட்டிருந்தால் நம்பி வாங்கலாம். நீங்களும் அப்படியே வையுங்கள்.

20. இந்தியாவில தம்பி பறவைக் கணக்கெடுப்புக்குச் சதுப்பில இறங்கிறவன். என்ர பழைய வேடர்ஸை அனுப்பட்டோ?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆனால் கணக்கெடுப்புக்கும் ஆய்வுக்கும் நீரில் இறங்குவோர் நிறையப் பேர். காப்புப் பஞ்சு வைத்த வேட்டை வேடர்ஸ் அங்கே நரகம். ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள நீராவி அழுத்த வித்தியாசம். இங்கே நவம்பர்க் குளிர்காற்றில் நீராவி மிகக் குறைவு, அதனால் உள்ளிருப்பது ஓடிவிடும். 30 பாகை வெப்பமும் புழுக்கமும் உள்ள கரையோரத்தில் வெளிக்காற்றே நீராவி நிறைந்து கிடக்கும், அந்தத் தள்ளுவிசை எடுபடாது.

அனுப்புவதானால் உள்காப்பில்லாத, இடுப்பு வரை மட்டும் வரும், சப்பாத்து தனியான மெல்லிய வகையை அனுப்புங்கள். நீர் சுத்தமாகவும் ஆழம் முழங்காலுக்குள்ளும் இருந்தால் சீக்கிரம் காயும் காற்சட்டையும் கட்டுச் சப்பாத்துமே அவருக்குச் சுகம். கழிவுநீர் கலந்த இடம், கண்ணாடி ஓடு கிடக்கும் இடம் என்றால் வியர்த்தாலும் வேடர்ஸ் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேறிக் கழற்றித் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.